முறை வராத கேள்வி

எங்கள் வீட்டில் காலையில் சண்டை கிடையாது. சண்டை மட்டுமில்லை, குறை சொல்வது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, பாத்திரத்தை டங்கென்று வைப்பது எதுவுமே கிடையாது. என் வீட்டுக்காரர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். யார் எந்த அறையில் உட்கார்ந்து கலப்பது என்று பிரித்து விடுவது அவர் பொறுப்பு. மனசில் எரிச்சலோடு போகிற ஆளுக்குக் கை தடுமாறும் என்பது இந்தப் பக்கத்துப் பட்டாசு வீடுகளில் எல்லோரும் அறிந்தது. அதனால் வேலைக்குக் கிளம்புகிறவரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டாலும் சாயங்காலம்தான் சொல்வார்கள்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. என் அப்பாவும் அம்மாவும் பள்ளி ஆசிரியர்கள். எங்கள் வீட்டில் காலை ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன கையோடு சண்டை ஆரம்பிக்கும், இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற வரை நடக்கும். அந்த வீட்டிலிருந்து வந்தவளுக்கு இந்த அமைதி பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஆனால் எனக்கும் மூக்கு நுனியில்தான் கோபம். சொல்ல வந்ததை அப்போதே சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. சரி, சாயங்காலம் இருக்கிறதே, வைத்துக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொள்வேன்.

சாயங்காலத்தில்தான் சிக்கல் வந்தது. நான் பெங்களூரில் இருக்கிற ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். கொரோனா காலத்தில் சேர்ந்தேன், அன்றிலிருந்து வீட்டிலிருந்தேதான் வேலை. வாடிக்கையாளர்கள் அமெரிக்காக்காரர்கள் என்பதால் எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் ஆபீஸ் பொழுது விடியும். அவர் பைக்கை நிறுத்திவிட்டு மாடி ஏறி வரும்போது நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் குளித்து, தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். நான் வேலை முடிந்து எழுந்து வரும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். ஒரே வீடு, ஒரே கட்டில். ஆனால் ஒருவர் ஓடும்போது இன்னொருவர் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பார். கம்ப்யூட்டருக்குள் எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று பிரித்து விடுவதுதான் என் வேலையே என்பதால் எனக்கு இதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

இப்படியிருக்கையில் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்ததெல்லாம் போதும், தீபாவளி முடிந்ததும் எல்லோரும் பெங்களூர் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், வர முடியாதவர்கள் ஆயுத பூஜைக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் அவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் என்னோடு பெங்களூருக்கு வருகிறீர்களா, இல்லை நான் வேலையை விட்டுவிடவா? அவ்வளவுதான். அதைக் கேட்க எனக்கு ஒரு நேரம் வேண்டியிருந்தது. அந்த நேரம் எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை.

அவரை நான் முதன்முதலில் பார்த்ததே ஒரு சண்டையில்தான். அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு சிவகாசியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் இருந்தேன். கீழே அச்சாபீஸ், மேலே நாங்கள். காலண்டர் சீசனில் கீழே மிஷின் ஓடினால் மேலே என் நாற்காலி ஆடும். பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் வருகையைப் பதிகிற மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். வேலைக்கு வருகிற பெண்களைக் கிராமங்களிலிருந்து வேன்கள் ஏற்றி வரும். ஒவ்வொரு வேனுக்கும் ஓர் அக்கா உண்டு. ஆள் சேர்த்துக் கூட்டி வருவதும், வந்தவர்களில் யார் திரி வெட்டுவது, யார் லேபிள் ஒட்டுவது என்று சொல்வதும் அந்த அக்காதான். ஆபீசுக்கு வேன் தெரியும், அக்கா தெரியும், உள்ளே இருக்கிற ஒவ்வொருவரையும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு அவசியமும் இல்லை. வேன் வந்துவிட்டது என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், முடிந்தது. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

பருத்திச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர் படியேறி வந்தார். கையில் வாட்ச் இல்லை, விரலில் மோதிரம் இல்லை, இடுப்பில் பெல்ட் இல்லை. உரசினால் பொறி பறக்கிற எதையும் உடம்பில் வைத்துக்கொள்ளாத போர்மேன் கோலம் அது என்று எனக்கு அப்போது தெரியாது.

"இந்த சாப்ட்வேர எழுதுனது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான். என்ன வேணும் ஒங்களுக்கு?"

"எனக்கு வேன் கணக்கு வேணாம். ஆள் கணக்கு வேணும். மருந்து ரூம்ல வேனா போய் உக்காருது? ஆளுதான உக்காருது?"

"ஆள் கணக்கு எடுத்தா வாசல் கேட்டுல எம்புட்டு நேரமாகும் தெரியுமா? ஒவ்வொரு ஆளா நிறுத்தி, பேரு கேட்டு, பதிஞ்சு உள்ள விடுறதுக்குள்ள வெயில் ஏறிரும். பொறவு நீங்களே வந்து கத்துவீக."

"கத்துறது யாருன்னு கீழ அச்சாபீஸ் வரைக்கும் தெரியுது" என்றார்.

பேச்சில் அன்று அவர்தான் ஜெயித்தார். ஆனால் கம்பெனிக்காரர்கள் என் பக்கம்தான் நின்றார்கள்.

அவர் கேட்டதற்கும் நான் மறுத்ததற்கும் நடுவில் இருந்த வழக்கு கம்ப்யூட்டருக்குள் எந்நேரமும் நடக்கிற வழக்குதான். ஒரு நிரலுக்குள், அதாவது ப்ரோகிராமுக்குள், பல வேலைகள் தனித்தனியாக ஓடும். அந்த ஒவ்வொன்றையும் இழை என்று சொல்வோம், எங்கள் பேச்சில் த்ரெட். கம்ப்யூட்டரில் அவற்றை ஓட்டுகிற பிராசஸர்கள் கொஞ்சம்தான் இருக்கும், இழைகள் எக்கச்சக்கமாக இருக்கும். எந்த இழை எந்த பிராசஸரில் எவ்வளவு நேரம் ஓடலாம் என்று முடிவு செய்வது இயங்குதளத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் கெர்னல். சில நிரல்கள் தங்கள் இழைகளைத் தாங்களே வைத்து மேய்க்கும். கெர்னலுக்கு அந்த நிரல் மட்டும்தான் தெரியும், உள்ளே எத்தனை இழை இருக்கிறது என்று தெரியாது. இது வேன் அக்கா முறை. உள்ளுக்குள்ளேயே ஆளை மாற்றிவிட்டுக் கொள்வதால் வேகமாக நடக்கும், யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு முறையில் ஒவ்வொரு இழையையும் கெர்னல் நேரடியாக அறியும், தனித்தனியாக முறை கொடுக்கும், காலியாக இருக்கிற எந்த பிராசஸரிலும் உட்கார வைக்கும். இது என் வீட்டுக்காரர் கேட்ட ஆள் கணக்கு. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கெர்னல் வாசல் வரை போய் வர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும்.

வேன் முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உள்ளே ஒரே ஓர் இழை எதற்காவது காத்து நின்றால், கெர்னல் அந்த நிரலே நிற்கிறது என்று நினைத்து மொத்தத்தையும் நிறுத்தி வைத்துவிடும். மற்ற இழைகள் வேலை செய்யத் தயாராக இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் எழுதிக் கொடுத்த மென்பொருளிலும் அதுதான் நடந்தது. ஒரு நாள் ஒரு பெண் வீட்டில் மாடு கன்று போட்டதால் வர நேரமாகிவிட்டது. அக்கா அவளுக்காக வேனை நிறுத்தி வைத்தாள். வேன் வரவில்லை என்று ஆபீஸ் கம்ப்யூட்டர் அத்தனை பேரின் அறையையும் காலியாகப் போட்டுவிட்டது. மறுநாள் அவர் மறுபடியும் படியேறி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கு அவர் மண்டையில் கீபோர்டால் ஒன்று போடலாமா என்றிருந்தது.

கடைசியில் அவர் பாதி இறங்கி வந்தார், நான் பாதி இறங்கி வந்தேன். மருந்து அறைக்கு மட்டும் ஆள் கணக்கு, மற்ற வேலைகளுக்கு வேன் கணக்கு. கெர்னல் எழுதுகிறவர்களும் இந்த மாதிரி நடுவழி ஒன்றை முயன்று பார்த்தவர்கள்தான். இதைச் சரி செய்கிற சாக்கில் அவர் பல தடவை மாடியேறி வந்தார். மென்பொருளில் திருத்த ஒன்றும் இல்லாத நாட்களிலும் வந்தார்.

எங்கள் கல்யாணம் பதிவாளர் ஆபீசில் நடந்தது. என் வீட்டில் மதம் வேறு என்றார்கள். பிரச்சினை மதமில்லை, சாதி என்பது சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் தெரியும். அவர் வீட்டில் தாய்மாமன் மகளை அவருக்கென்று பேசி வைத்திருந்தார்கள். ஆனைக்குட்டம் பக்கத்தில் இருக்கிறது அவர் ஊர். அங்கே நான் இதுவரை கால் வைத்ததில்லை. அவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை போய் அவர் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். "ஒன்னயும் கூட்டிட்டு வரட்டான்னு கேட்டேன். ஊரு பேசும்னு அம்மா சொல்லுது" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

நாங்கள் குடியிருப்பது சூலக்கரையில், கலெக்டர் ஆபீசைத் தாண்டி ஒரு மாடி வீட்டில். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற கூட்டத்தில் தெரு கொஞ்சம் உயிரோடு இருக்கும். மற்ற நாட்களில் ஒரு நாதியும் இருக்காது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் சர்க்கார் ஊழியர்கள். முகம் பழகிப் பெயர் தெரிவதற்குள் மாற்றல் வாங்கிப் போய்விடுவார்கள். காலையில் அவர் போனதிலிருந்து மத்தியானம் நான் கம்ப்யூட்டரைத் திறக்கிற வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். சிலிண்டர் போட வருகிறவரிடம் தேவைக்கு மேல் பேசுவேன், அவர் நழுவப் பார்ப்பார். ரசம் வைத்து இறக்கினால் நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. எனக்குத் தனிமை என்பது மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான். தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன், பாதியிலேயே எழுந்துவிடுவேன்.

வேலைக்குப் போனவரைப் போனில் கூப்பிடவும் முடியாது. பட்டாசுக் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கேயாவது விபத்து என்று செய்தி வந்துவிட்டால் எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று தெரிகிற வரை நான் அவர் போனுக்கு அடித்துக்கொண்டே இருப்பேன். அது கம்பெனி வாசலில் ஒரு பெட்டிக்குள் கிடந்து அடித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் வந்து "ஏன் புள்ள இம்புட்டு தடவ அடிச்சிருக்க, வெடிச்சது வேற எங்கிட்டோ" என்பார். எனக்கு அப்போது மீட்டிங் நடந்துகொண்டிருக்கும். பதிலுக்கு முறைக்க மட்டும்தான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆனைக்குட்டம் பக்கம் போனால் நான் விருதுநகரில் எங்கள் வேதக்கோயிலுக்குப் போவேன். என் அம்மாவும் அதே ஆராதனைக்குத்தான் வருவாள். எனக்கு முன்னால் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருப்பாள். கழுத்துக்குப் பின்னால் அவள் முடி நரைத்துக்கொண்டே வருவதை நான் அந்தப் பெஞ்சிலிருந்துதான் பார்த்து வருகிறேன். ஆராதனை முடிந்ததும் அவள் பக்கத்து வாசல் வழியாகப் போய்விடுவாள். ஒரு தடவை நான் வேண்டுமென்றே அந்த வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்தாள். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். நான் வழிவிட்டேன்.

இதையெல்லாம் சொல்வது எதற்கென்றால், வேலையை விட்டுவிடவா என்று கேட்பது எனக்குச் சும்மா வாய் வார்த்தையில்லை. என் பெயரைச் சொல்லி நாலு பேர் கூப்பிடுவது அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான். நீ என்ன நினைக்கிறாய் என்று என்னைக் கேட்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதை விட்டால் எனக்கு இவர் ஒருவர்தான். இவரோ காலையில் பேசக் கூடாதவர், சாயங்காலம் பேச முடியாதவர்.

ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் அவர் கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தார், எனக்கும் வேலை நெருக்கடியில் சனி ஞாயிறு லீவு போயிருந்தது. ஆர்டர் குவிந்து கிடந்தது. அதே நேரத்தில் எனக்கு ஒரு புகார் வந்து சேர்ந்தது. எங்கள் மென்பொருள் தனக்குள் நிறைய இழைகளை வைத்துத் தானே மேய்க்கிற வகை. அதில் பழைய குப்பைகளைக் கூட்டி எடுக்கிற ஒரு சின்ன இழை இருக்கிறது. அது சில இடங்களில் ஓடுவதே இல்லை, குப்பை சேர்ந்து கடைசியில் எல்லாம் மெதுவாகிவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். எங்கேயோ பிழை இருக்கும் என்று வரி வரியாகப் படித்தேன். பிழையே இல்லை. அந்த இழைக்கு முன்னுரிமை குறைவு, அவசரமில்லாத வேலை என்று குறித்து வைத்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் அதன் முறை வருகிற நேரத்தில் அதைவிட அவசரமான ஒன்று வந்து முன்னால் நின்றுகொண்டது. யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. எடுத்த முடிவு ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. அது மட்டும் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தது. இதற்கு எங்கள் துறையில் பட்டினி என்றுதான் பெயர்.

எனக்குச் சுருக்கென்றது. என் கேள்வியும் இப்படித்தான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது.

பட்டினிக்கு ஒரு வைத்தியம் உண்டு. காத்திருக்கிற ஒவ்வொரு நொடிக்கும் அந்த இழையின் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும், ரொம்ப நேரம் நின்றுவிட்டால் ஒரு கட்டத்தில் அதுதான் எல்லாவற்றையும்விட அவசரமானது ஆகிவிடும். அப்போது மற்றவை ஒதுங்கி வழிவிட்டாக வேண்டும். இதைத்தான் செய்யப் போகிறேன் என்று அன்றைய மீட்டிங்கில் சொன்னேன். எங்கள் குழுவின் தலைவர் பெங்களூர்க்காரர், நல்ல மனிதர். "அது அவசரமில்லாத வேலைதானே, அதற்காக மற்றதை ஏன் நிறுத்த வேண்டும்?" என்று கேட்டார். "அவசரமில்லை என்று யார் முடிவு செய்தது? அதைக் கேட்டீர்களா?" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். பிறகு அவர் மெதுவாக, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். சட்டையை மாட்டினார். வழக்கமாக நான் கதவைத் திறந்துவிட்டு நிற்பேன். அன்று நான் கதவைத் திறக்கவில்லை.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சாயங்காலம் பேசுவமே."

"சாயங்காலம்னு ஒண்ணு நமக்கு இல்ல. எங்க ஆபீசுல பெங்களூருக்கு வரச் சொல்லிட்டாக. நீங்க என்கூட வர்றீகளா, இல்ல நான் வேலைய விட்டுறவா? எனக்கு இப்பமே தெரியணும்."

இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் காலையில் நான் இப்படிப் பேசியதில்லை. அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனை எடுத்தார். கம்பெனியில் இன்னொரு போர்மேன் இருக்கிறார், இவரைவிட வயதில் மூத்தவர். அவரைக் கூப்பிட்டார். "அண்ணே, இன்னைக்கு மருந்து ரூமுக்கு நீங்களே ஆளப் போட்டுக்கிடுங்க. நான் வரல. இல்லண்ணே, மேலுக்கு ஒண்ணுமில்ல. மனசு சரியில்ல."

அதற்கு மேல் அந்தப் பக்கம் ஒரு கேள்வியும் இல்லை. அவர்கள் தொழிலில் காய்ச்சல் என்றால்கூட மாத்திரை போட்டுக்கொண்டு வா என்பார்கள். மனசு சரியில்லை என்றால் மறுபேச்சு கிடையாது. காலையில் வாசலில் நின்று முகம் முகமாகப் பார்த்து, அழுத கண்ணோடு வருகிறவளை மருந்து அறைக்கு விடாமல் லேபிள் ஒட்ட அனுப்புகிறவர் என் வீட்டுக்காரர். அன்று தன்னையே உள்ளே விடவில்லை.

இப்படி எனக்கு ஒரு முழு நாள் கிடைத்துவிட்டது. கிடைத்ததை வைத்து என்ன செய்வதென்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் ஹாலில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் பக்கம் போய் நின்றார். தரையில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்து "இந்நேரத்துக்கு இங்கன வெயில் வருமா?" என்று கேட்டார். "தெனமும் வருது" என்றேன். நான் அரிசி களைந்தேன். அவர் வெங்காயம் உரித்துக் கொடுத்தார். மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உப்புப் பத்தவில்லை என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உப்பை எடுக்கிற மாதிரி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவரே ஆரம்பித்தார்.

"பெங்களூர் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்படி?"

"நீ போன்ல பேசுறது படுத்திருக்கையில காதுல விழும்ல. இங்கிலீசா இருந்தாலும் பெங்களூர் பெங்களூர்னா தெரியாதா? நீ கேக்காம இருந்தா நானும் பதில் சொல்ல வேண்டியதில்லன்னு பேசாம கெடந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கேள்வியை நான் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன், இவர் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறார்.

"நல்லா இருக்குய்யா ஒங்க நியாயம். சரி, இப்ப சொல்லுங்க. வர்றீகளா இல்லையா?"

"வரல."

"ஏன்?"

"நான் வந்துட்டா மருந்து ரூமுக்கு யாரு பாத்து ஆள் போடுறது?"

"இன்னைக்கு ஒங்க அண்ணன் போட்டாகல்ல? கம்பெனி நின்னா போச்சு?"

அவருக்கு அது பட்டது. சோறு காய்ந்துபோன விரலைத் தட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது சும்மா சொன்னது" என்றார் கடைசியில். "அங்கன வந்தா நான் யாரு புள்ள? இங்கன கேட்டுல நின்னா ஒவ்வொரு மொகமும் எனக்குத் தெரியும். எவ வீட்டுல என்ன நடந்திருக்கும்னு நடையப் பாத்தே சொல்லிருவேன். இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேல. அங்கன வந்து ஒனக்குக் கதவத் தொறந்து விட்டுக்கிட்டு இருக்கணும். கொஞ்ச நாள்ல என்னயப் பாத்தா ஒனக்கே எரிச்சல் வரும்."

இல்லை என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. ஓர் இழையைக் கூடுமானவரை அது முன்பு ஓடிய பிராசஸரிலேயே மறுபடியும் ஓட விடத்தான் கெர்னல் பார்க்கும். அதற்கு வேண்டியதெல்லாம் அங்கே கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும். வேறொன்றுக்கு மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கொண்டுவர வேண்டும். மனுஷனுக்கு அது எத்தனை வருஷம் பிடிக்குமோ.

"அப்ப நான் வேலைய விடுறேன்" என்றேன். "நீங்க ஒங்க கேட்டுல நில்லுங்க. நான் இங்கனயே கெடக்கேன்."

"விடாத."

"ஏன், அதுலயும் ஒங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவர் வாசல் கதவைப் பார்த்தார். "விட்டுட்டு இந்த வீட்டுல என்ன பண்ணுவ? நான் வெளிய போறவன், எனக்கு இது தெரியாமலே போச்சு. காலையில இருந்து பாக்கேன், ஒரு ஆளு கதவத் தட்டல. ஒரு போன் இல்ல. ரோட்டுல போறவுககூட இங்கிட்டுத் திரும்பிப் பாக்கல. எனக்கு அரை நாளுக்கே மூச்சு முட்டுது. நீ எத்தன வருஷமா இப்படி இருக்க?"

அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். இப்போது கேட்கிறவர் என்னை அனுப்புவதற்காகக் கேட்கிறார்.

"நீ போ" என்றார். "அங்கன ஒன்கூடப் பேச நாலு பேரு இருப்பாக. நான் லீவு கெடைக்கையில ரயில் ஏறி வாரேன்."

வேலைக்கு உட்காருகிற நேரம் நெருங்கிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார், துடைத்து அலமாரியில் அடுக்கினார். எதை எங்கே வைப்பதென்று தெரியாமல் எல்லாவற்றையும் தவறான இடத்தில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொன்னேன்.

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் இங்கனயே இருந்துக்கிடுறேன்."

"தெரியும்" என்றார். "அதுக்குத்தான் சொல்லல."